அம்பூரியில் மிச்சமிருந்த ஒரு விருந்து

எழுபது வயதை நெருங்குகிற நேரத்தில் எனக்கு இரண்டாவது கல்யாணம் நடந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் சொன்னால் படிக்கிறவர்கள், கிழவி என்ன எழுதியிருக்கிறாள் என்று திரும்பவும் மேலே போய்ப் படிக்க வேண்டியிருக்கும். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது வேண்டும். எனக்கும் வேறு வேலை ஒன்றுமில்லை, எழுதுகிறேன்.

என் முதல் வீட்டுக்காரர் இறந்து நெடுநாளாயிற்று. பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பசு வளர்த்து, பால் கறந்து விற்று, இரண்டு பையன்களை ஆளாக்கினேன். என் பாலில் தண்ணீர் இருந்தது என்று இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை. இனியும் சொல்லமாட்டார்கள்.

இப்போது கட்டியிருக்கிற இவர் எங்கள் சபைக்காரர்தான். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு காலையில் தூக்குப் பாத்திரத்தோடு என் வீட்டுக்குப் பால் வாங்க வருவார். பால் வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? அவருக்கு மட்டும் வெயில் ஏறுகிறவரை ஆகும். தொழுவத்துக்கு வெளியே நின்றுகொண்டு பழைய பஸ் கதைகளைச் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் சாணி அள்ளிக்கொண்டே கேட்பேன். ஒருநாள் என் இளைய மகன் சொன்னான்.

"அம்மை, அந்த மாமன் இந்தப் பாலை இஞ்சயே இருந்து குடிச்சிட்டுப் போனா என்னவாம்? தூக்கிட்டு நடக்கண்டாமே."

விளையாட்டாகச் சொன்னான் என்று நினைத்தேன். அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. துபாயிலிருக்கிற மூத்தவனிடமும் பேசிவிட்டுத்தான் சொல்லியிருக்கிறான்.

கல்யாணத்துக்கு முன் ஆலயத்தில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். இன்னார் இன்னாரைக் கட்டப்போகிறார், தடை சொல்ல ஆள் உண்டா என்று சபை நடுவில் கேட்பதுதான் ஓலை. விதவை என்று என்னையும் தாரமிழந்தவர் என்று இவரையும் போதகர் வாசித்தபோது, வாலிபர் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது. போதகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சத்தம் அடங்கியது. நான் தலையைக் குனியவில்லை. குனிய என்ன இருக்கிறது? களவா செய்தேன்?

தடை சொல்ல ஆள் வரவில்லை. ஆனாலும் எனக்கு ஒரு பயம் இருந்தது. இவருக்கு ஒரே மகள். அம்பூரியில் மலைப்பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளையின் ஆட்கள் வடக்கே கோட்டயம் பக்கத்திலிருந்து வந்து மலையில் குடியேறியவர்கள். ரப்பர் உண்டு. நெய்யாறு அணைத் தண்ணீர் வந்து முட்டுகிற கரையில் நிலமும் உண்டு. கல்யாணக் காரியத்தைச் சொன்னபோது அந்த மகள், "அப்பாக்க இஷ்டம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அந்த வார்த்தையை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

கல்யாணத்துக்கு அம்பூரி மாப்பிள்ளை மட்டும் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, சாப்பிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போனார். பந்தலில் இருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே இவரிடம் சொல்லிவிட்டேன்.

"இஞ்சேருங்க, ஒரு காரியம் கேட்டுக்கிடுங்க. நிங்களுக்க மக என்னெ ஏத்துக்கிடல்லேன்னா நான் எனக்க வீட்டுக்குத் திரும்பிப் போயிருவேன். அப்பனையும் மகளையும் பிரிச்ச பேரு எனக்கு வேண்டாம்."

"டிக்கெட் கீறியாச்சு. இனி இடையில எறங்க முடியாது" என்றார்.

"நான் களி சொல்லல்ல."

களி என்றால் விளையாட்டு, கேலி. அவர் சிரிப்பை நிறுத்தினார். "செரி" என்றார். அந்தச் செரியைச் சொல்ல அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நான் சொன்னதை மாற்றவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் விருந்து உண்டு. சொந்தக்காரர் ஒவ்வொருவரும் புதுப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் தங்கள் வீட்டுக்கு வரவழைத்துச் சோறு போட வேண்டும். அதற்கு நேரில் வந்து விளிக்க வேண்டும். கூப்பிடுவதை நாங்கள் விளிப்பது என்போம். விருந்து நாளில் அந்த வீட்டுப் பெண் வாசலுக்கு வந்து புதுப்பெண்ணைக் கைபிடித்து உள்ளே கொண்டுபோக வேண்டும். புதுப்பெண் தன் கையால் செய்த பலகாரத்தை அவள் கையில் கொடுக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் பேச்சு வரும். ஒரு வீடு விளிக்காமல் விட்டால், அந்த வீடு இந்தக் கல்யாணத்தை ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊர் எடுத்துக்கொள்ளும்.

இந்த வயதில் யார் விருந்து வைப்பார்கள் என்று நினைத்தேன். வைத்தார்கள். முதலில் செங்கல் என்ற ஊரில் என் தங்கை. வாசலில் நின்று என் கையைப் பிடித்தவள் உள்ளே போகிறவரை சிரித்துக்கொண்டே இருந்தாள். இலை போட்டு, கோழியும் மீனும் பரிமாறிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"எக்கா, புதுப்பெண்ணு தலையைக் குனிஞ்சு தின்னணுமாக்கும்."

"பல்லுசெட்டு இளகிக் கிடக்கு. குனிஞ்சா இலையில விழும்" என்றேன். இவருக்குச் சிரித்துப் புரையேறியது.

அடுத்தது காரக்கோணத்தில் இவருடைய தம்பி வீடு. அங்கே புதுமாப்பிள்ளைக்கு என்று பாயசத்தை மேலும் மேலும் ஊற்றினார்கள். இவருக்குச் சுகர் உண்டு. நான் இலைக்குக் குறுக்கே கையை வைத்தேன். "கண்டீயளா, இப்பவே பிடிச்சுக் கெட்டிட்டா" என்று தம்பி பெண்டாட்டி சொன்னாள். எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. என் இளைய மகன், பெரியப்பா மக்கள், இவருடைய பெங்ஙள் என்று ஒவ்வொரு வீடாக முடிந்தது. பெங்ஙள் என்றால் கூடப் பிறந்தவள்.

அம்பூரி மட்டும் மிச்சமிருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஒரு பெண்ணாவது கேட்பாள். "அம்பூரிக்குப் போயாச்சா?" அடுத்த ஞாயிறு வேறொருத்தி கேட்பாள். "மழையில்லியா, மலைப்பாதையில போக முடியாது" என்று நான் மழைமேல் பழி போட்டேன். மழை நின்ற பிறகு சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. இவர் அதைப்பற்றிப் பேசவே மாட்டார். சாப்பிடும்போது மட்டும் முன்போல இல்லை. நான் இவர் வீட்டிலிருந்து போய், பூட்டிக் கிடந்த என் வீட்டைப் பெருக்கி, ஜன்னலைத் திறந்து காற்று விட்டுவிட்டு வரத் தொடங்கினேன். அவர் அதைப் பார்த்தார்.

அப்படியிருக்கும்போது ஒருநாள் மகள் போன் செய்தாள்.

"அப்பா, வாற வெள்ளியாழ்ச்ச ரெண்டு பேரும் வாருங்க. ரெண்டு மூணு நாள் இருந்துட்டுப் போலாம்."

அவ்வளவுதான் சொன்னாளாம். என்னிடம் போனைக் கொடுக்கச் சொல்லவில்லை. நேரில் வந்து விளிக்கவும் இல்லை. எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது. ஆனால் இவருடைய முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தோடு நான் என்ன வழக்குப் பேச முடியும்? முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் செய்தேன். என் தோட்டத்தில் பழுத்த ஒரு குலை செந்துளுவன் வாழைப்பழம் எடுத்துக்கொண்டேன். கல்யாணப் புடவையைக் கட்டினேன்.

வெள்ளறடை போய் அங்கிருந்து வேறு பஸ் பிடித்தோம். சீட் கிடைத்தும் இவர் உட்காரவில்லை. கம்பியில் சாய்ந்து நின்று, ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தார். பழக்கம். ஏற்றத்தில் காற்று குளிர்ந்தது. இருபக்கமும் ரப்பர் மரங்கள். மழைத்தண்ணீர் பாலில் இறங்காமலிருக்க ஒவ்வொரு மரத்துக்கும் இடுப்பில் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தார்கள்.

அம்பூரி சந்திப்பில் மாப்பிள்ளை ஜீப்போடு நின்றார். அவருக்கு மலையாளம்தான் வரும். பேச்சும் குறைவு. "அம்மே, கயறி இரிக்கு" என்று என்னை முன்னால் ஏறி உட்காரச் சொன்னார். அம்மே என்றது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஜீப் கொஞ்ச தூரம் போனதும் மேலே ஒரு ஓட்டுவீடு தெரிந்தது. "அதாக்கும் வீடு" என்று இவர் கையைக் காட்டினார். ஜீப் அந்த வீட்டுக்கு ஏறவில்லை. இடதுபக்கம் திரும்பி, ரப்பர் தோட்டத்துக்குள் சரிவில் இறங்கியது.

"வீட்டுக்குப் போகண்டாமா?" என்று இவர் கேட்டார்.

"இவிடெயாணு எல்லாம் ஒருக்கியிரிக்குந்நது" என்றார் மாப்பிள்ளை. இங்கேதான் எல்லாம் ஏற்பாடு செய்திருக்கிறதாம்.

கீழே அணைத் தண்ணீர். கரையில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு சின்ன வீடு. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காகக் கட்டியது. மாப்பிள்ளை சாவியை இவர் கையில் கொடுத்தார். "நல்லவண்ணம் ரெஸ்ட் எடுக்கணும், கேட்டோ" என்று சொல்லிவிட்டு ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வாசலில் ஆளில்லை. என் கையில் பலகாரப் பாத்திரம். அதை யார் கையில் கொடுக்க?

உள்ளே போனோம். நடுவில் ஒரு பெரிய கட்டில். வெள்ளை விரிப்பு. அதன்மேல் துண்டுகளை முறுக்கி இரண்டு வாத்து செய்து, மூக்கோடு மூக்கு முட்ட வைத்திருந்தார்கள். சுற்றிலும் சிவப்புச் செத்திப்பூவைத் தூவியிருந்தார்கள்.

இவர் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு, "இதுல எது நீ, எது நான்?" என்று கேட்டார்.

எனக்குத் தலைக்கு ஏறியது. "களியாக்குதா, பாத்தியளா? கிழவனுக்கும் கிழவிக்கும் பூ விரிச்சு வச்சிருக்கா."

"எனக்க மக அப்படிச் செய்ய மாட்டா."

"பின்ன இது என்னதாக்கும்?"

பின்பக்கம் சின்ன அடுக்களை. காஸ் அடுப்பு, அரிசி, தேங்காய், மரச்சீனிக் கிழங்கு, உப்பு, மிளகாய்ப்பொடி எல்லாம் அடுக்கியிருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போயிற்று. விருந்துக்கு வந்த பெண்ணை வீட்டில் ஏற்றாமல், வாடகைக்கு விடுகிற அறையில் இறக்கி, அரிசியும் கிழங்கும் வைத்து, நீயே பொங்கித் தின்றுவிட்டுப் போ என்று சொல்கிறாள். இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சொல்ல முடியும்?

நான் அந்த அடுப்பைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வாத்துகளை எடுத்து நாற்காலியில் வைத்தேன். பூவை ஒன்று விடாமல் பொறுக்கி ஒரு காகிதத்தில் வைத்தேன். அடுத்தவர் பறித்த பூவை மிதிக்க எனக்கு மனம் வராது. அவ்வளவுதான்.

வெளியே படியில் உட்கார்ந்தோம். ஆள் விட்டு விளிப்பாள் என்று இவர் சொன்னார். வெயில் சாய்ந்தது. தண்ணீருக்குள் முன்பே செத்துப்போன மரங்களின் குற்றிகள் கறுப்பாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. எதிரே மலை மேல் மலையாக அகத்தியர் மலை வரைக்கும். மனம் சரியாக இருந்திருந்தால் எனக்கு அந்த இடம் பிடித்திருக்கும். என் காது மேல்பாதையில் இருந்தது. ஒரு சருகு விழுந்தாலும் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இறங்கி வரவில்லை.

"நாம ஏறிப் போனா என்ன?" என்றார் இவர்.

"நிங்க போங்க. நிங்களுக்க மக. நான் விளிக்காத வீட்டுல ஏறமாட்டேன்."

"ஒன்னெ விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?"

அவரும் போகவில்லை. பசித்தது. அவருக்குச் சுகர் மாத்திரை போட வேண்டும், வெறும் வயிற்றில் முடியாது. கடைசியில் பாத்திரத்தைத் திறந்தேன். மகள் வீட்டுக்கு என்று செய்த முறுக்கையும் குலையிலிருந்து உரித்த பழத்தையும் இரண்டு பேரும் தின்றோம். அவர் முந்திரிக்கொத்துக்குக் கையை நீட்டினார். ஒன்று மட்டும் கொடுத்தேன்.

தின்றுகொண்டே அவர் சொன்னார். மகள் சின்னவளாக இருந்தபோது, கடைசி டிரிப் முடிந்து இவர் வருகிறவரை சாப்பிடமாட்டாளாம். தாய் அடித்தாலும் வாயைத் திறக்கமாட்டாளாம். இவர் வந்து பையைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகுதான் தட்டை எடுத்துக்கொண்டு வருவாளாம்.

"இப்ப அவ எனக்க வயத்தைப் பத்தி நினைக்கவே இல்ல பாரு" என்றார்.

கோபமாகச் சொன்னால் தாங்கியிருப்பேன். கோபமில்லாமல் சொன்னார். என்னால் வந்தது இது என்று எனக்கு உறுதியாயிற்று. "நாளைக்குக் காலத்த முதல் பஸ்ஸுல நான் எனக்க வீட்டுக்குப் போறேன். நிங்க இஞ்ச ரெண்டு நாள் இருந்துட்டு வாருங்க. நான் இல்லேன்னா அவ வீட்டுல ஏத்துவா" என்றேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டிலில் நாங்கள் படுக்கவில்லை. தரையில் பாயை விரித்துப் படுத்தோம்.

காலையில் நான் புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். மேல்பாதையில் சருகு மிதிபடுகிற சத்தம். ஒருத்தி இறங்கி வந்தாள். ஒரு கையில் தூக்குப் பாத்திரம், மறுகையில் துணி மூடிய பானை. அப்பனுடைய நெற்றி, அப்பனுடைய நடை. கேட்கவே வேண்டாம், மகள்தான். வரும்போதே சத்தம் தொடங்கிவிட்டது.

"அப்பா! எனக்க வீடு எங்கேன்னு மறந்து போச்சா?"

இவர் எழுந்து நின்றுவிட்டார். டிக்கெட் பரிசோதகர் ஏறினால் நிற்பது போல நின்றார்.

"நேத்து உச்சைக்கே வந்தாச்சு. கொஞ்சம் கண்ணயர்ந்துட்டு சாயங்காலம் ஏறி வருவியன்னு நான் கோழி வச்சு, அப்பம் சுட்டு, பக்கத்துல உள்ள பெண்ணுங்களை எல்லாம் விளிச்சு இருத்தியிருந்தேன். எல்லாவளும் 'எங்கே பெண்ணு, எங்கே மாப்பிள'ன்னு கேட்டுக் கேட்டு, தின்னுட்டுப் போனாளுவ. நான் என்னத்தைச் சொல்ல?"

"நீ விளிக்க வருவேன்னு இருந்தோம் மக்கா" என்றார் இவர்.

"பெத்த மகளுக்க வீட்டுல ஏற விளிக்கணுமா? சாயங்காலம் ஏறி வரச் சொல்லி அவருகிட்ட சொல்லிவிட்டேனே. அவரு சொல்லல்லியா?"

"ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரு."

"அதுக்குப் பொறவு?"

"அதுக்குப் பொறவு போயிட்டாரு."

அவள் பானையைப் படியில் வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஹனிமூனுக்கு வாற ஆளுகளைப் போய்த் தொந்தரவு செய்யப்பிடாதுன்னு அந்த மனுசனுக்கு ஒரு சட்டம் உண்டு. பிள்ளைங்களைக்கூட இந்தப் பக்கம் எறங்க விடமாட்டாரு. நிங்களையும் அதுல சேத்து, நேத்து ராத்திரி என்னையும் எறங்க விடல்ல."

பிறகு என் பக்கம் திரும்பினாள். முதல்முறையாக என்னிடம் பேசுகிறாள்.

"அப்பா ஆயுசு முழுக்க பெல் அடிச்சாத்தான் நகருற ஆளு. நிங்களுக்கு என்ன? பசுவைக் கயித்துல பிடிச்சு நிறுத்துற பெண்ணுன்னு சொன்னாவ. இந்த ஒரு ஏத்தம் ஏற முடியல்லியா?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "விளிக்காத வீட்டுல நான் இதுவரை ஏறுனதில்ல" என்றேன். "போன்ல சொன்னா அது விளியில்ல. விருந்துக்கு வந்தவளை வழியில எறக்கி, அரிசியும் கிழங்கும் வச்சுப் பொங்கித் தின்னச் சொன்னா அது விருந்துமில்ல. கட்டில்ல வாத்தும் பூவும் வச்சுக் களியாக்குனா, அதைத் தாங்கிக்கிட்டு இருக்க ஆளும் நானில்ல. நான் போறேன். நிங்களுக்க அப்பாவை வீட்டுல கொண்டு போங்க."

"களியாக்குனேனா?"

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு விறுவிறு என்று உள்ளே போனாள். கசங்காத விரிப்பைப் பார்த்தாள். தரையில் பாய். நாற்காலியில் வாத்துகள். மேசையில் காகிதத்தில் பொறுக்கி வைத்த செத்திப்பூ. அந்தப் பூவில் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். அடுத்துப் பேசியபோது சத்தம் இறங்கியிருந்தது.

"புதுசா கெட்டி வாற எல்லாருக்கும் நான் இதுதான் செய்யிறேன். பம்பாயில இருந்து வாற பிள்ளைங்களுக்கும் செய்யிறது இதாக்கும். நிங்களுக்கு வயசாச்சுன்னு வெறும் கட்டிலைக் காட்டியிருக்கணுமா? அப்படிச் செய்தா அதாக்கும் களியாக்கல். வீட்டுல எறக்கினா பிள்ளைங்க தலையில ஏறும், மாமியாரு நூறு கேள்வி கேக்கும். ரெண்டு பேருக்கும் ஒரு சமாதானம் இருக்கட்டும்னு இஞ்ச எறக்கச் சொன்னேன். அரிசியும் கிழங்கும் எதுக்குன்னா, அப்பாவுக்கு நேரத்துக்கு வயத்துல ஏதாவது போகணும். நான் ஏறி இறங்கிக் கொண்டு வாறதுக்குள்ள சுகர் தாந்துபோனா?"

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அதைக் கேட்காமல் இந்த வார்த்தைகளை எல்லாம் வாங்கி மடியில் போட்டுக்கொள்ள எனக்கு மனமில்லை.

"பின்ன கல்யாணத்துக்கு ஏன் மக்கா வரல்ல?"

அவள் அப்பனைப் பார்த்தாள். பிறகு படியில் உட்கார்ந்தாள்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் ஒண்ணும் இல்ல" என்றாள். "எனக்க அம்மைக்க சவப்பெட்டியைக் கொண்டு வச்ச எடத்துலதானே நிங்க ரெண்டு பேரும் நின்னிருப்பிய. வந்தா நான் அழுது போடுவேன். மகளுக்கு இஷ்டமில்ல, அழுதான்னு சபை முழுக்கச் சொல்லும். அந்தப் பேரு நிங்களுக்கு என்னத்துக்கு? அதான் வீட்டுலயே இருந்தேன். அழுது தீத்துட்டு விளிக்கலாம்னு நினைச்சேன். தீரக் கொஞ்சம் நாளாச்சு."

இவர் அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தலையைத் தொட்டார். அவள் கையைத் தட்டிவிட்டாள். மறுபடி தொட்டார். தட்டிவிடவில்லை.

நேரத்துக்குக் கறக்காமல் மடி கட்டிப்போன பசுவின் காம்பில் கை வைத்து முதல் பால் இறங்கும்போது, அது நீளமாக ஒரு மூச்சு விடும். பசு வளர்த்தவர்களுக்குத் தெரியும். எனக்கு அந்த மூச்சு வந்தது. நான் அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னைப் பிடிக்காமல் அவள் விலகி இருக்கவில்லை. பிடிக்காவிட்டாலும் அவளைக் குறை சொல்லியிருக்கமாட்டேன். பெற்ற தாய்க்காக அழுதிருக்கிறாள், அதிலும் என் பேரைக் காப்பாற்ற நினைத்திருக்கிறாள். அப்படி ஒருத்தியை வைத்து நேற்று முழுவதும் நான் என்னென்ன கணக்குப் போட்டேன்!

"பலகாரம் கொண்டு வந்தியன்னு அவரு சொன்னாரே, எங்கே?" என்று அவள் வெளியிலிருந்து கேட்டாள்.

பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். திறந்து பார்த்தாள். பாதிக்குமேல் இல்லை. பழக்குலையும் பாதி காம்புதான்.

"எனக்குக் கொண்டு வந்ததையா ரெண்டு பேரும் இருந்து தின்னிய?"

"பசிச்சுது மக்கா" என்றார் இவர்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிக்கும்போது கண் நிறைந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துக் கடித்தாள். "வெல்லம் கூடிப்போச்சு" என்றாள்.

"எனக்குக் கூடாது. நான் நாப்பது வருசமா செய்யிறதாக்கும்."

"நாப்பது வருசமும் கூடித்தான் இருந்திருக்கும்."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இவர் கையை உயர்த்தினார். "முதல்ல எனக்கு அப்பம்" என்றார்.

நேற்றைய கோழிக்கறியைச் சூடாக்கிக் கொண்டுவந்திருந்தாள். கரையில் இருந்தே தின்றோம். தின்று முடித்ததும் அவள் பானையை என் கையில் கொடுத்துவிட்டு, தூக்கைத் தான் எடுத்துக்கொண்டு முன்னால் ஏறத் தொடங்கினாள். திரும்பிப் பார்க்கவுமில்லை. நான் பானையோடு அவள் பின்னால் ஏறினேன். ரப்பர் தோட்டம் வழியாக, ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகையின் புளிச்ச நாற்றம் வழியாக, ஓட்டுவீட்டு முற்றத்துக்கு. கையைப் பிடிக்க அங்கே யாரும் நிற்கவில்லை. அவள் பாட்டுக்கு அடுக்களைக்குள் போய்விட்டாள். நானும் போனேன். மாப்பிள்ளை எதிரே வந்து என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஞான் பறயான் மறந்நு அம்மே" என்றார். சொல்ல மறந்துவிட்டதாம். "இனி அவ சொல்லுவா, போய்க் கேளுங்க" என்றேன். அவர் அந்த வழியே வெளியே போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானத்துக்கு மீன். தேங்காய் அரைப்பதில் எங்களுக்குள் வழக்கு வந்தது. அவளுக்கு வறுத்து அரைக்க வேண்டும், எனக்குப் பச்சையாக அரைக்க வேண்டும். அவளுடைய மாமியார் கட்டிலில் இருந்தபடியே மலையாளத்தில் இரண்டு பேரையும் திட்டினார். கடைசியில் அவள் சொன்னபடிதான் வைத்தோம். நன்றாகவே இருந்தது. நான் சொல்லவில்லை.

ஞாயிறு அங்கே உள்ள சின்ன ஆலயத்துக்குக் கூட்டிப்போனாள். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்து, "இது ஆரு?" என்று கேட்டாள். மகள் செருப்பைத் தேடிக்கொண்டே பதில் சொன்னாள்.

"அப்பா கெட்டினது. இனி இஞ்ச வாறதுண்டு."

அவ்வளவுதான். கேட்டவள், "ஓ" என்றாள். என்னை எந்த முறை சொல்லி விளிப்பது என்று மகளுக்கு இன்றைக்கும் தெரியவில்லை. இஞ்சேருங்க என்பாள். நானும் அவளை அப்படித்தான் விளிக்கிறேன். எங்களுக்கு அது போதும்.

அன்று மத்தியானம் நானும் இவரும் கரைவீட்டுக்கு இறங்கினோம். அந்தக் கட்டிலில் படுத்து நன்றாகத் தூங்கினேன். ஓலை வாசித்த நாளிலிருந்து அப்படித் தூங்கியதில்லை. எழுந்து வந்தபோது இவர் தண்ணீருக்குள் தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் கிடைத்திருக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டேன். சின்னச் சின்ன மீன்கள் வந்து விரலைக் கொத்தின.

"நாளைக்கு முதல் பஸ்ஸா?" என்று கேட்டார். தூண்டிலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நாளைக்கு இல்ல. கிழங்கு பிடுங்க ஆளு வருதுன்னு சொன்னா. செவ்வாய்க்குப் போலாம்."

"எந்த வீட்டுக்கு?"

அவர் குரல் எனக்குக் கேட்கும்படியாகக்கூட இல்லை. இத்தனை நாளும் இந்த மனிதர் அந்தக் கேள்வியை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் பாயசம் குடித்திருக்கிறார்.

"நிங்களுக்க வீட்டுக்குத்தான்" என்றேன். "ஆனா அந்த அடுக்களை ஜன்னல் என்னைக் கொல்லுது. திறக்க முடியல்ல, புகை போகல்ல. அதை மாத்தணும்."

"மாத்திரலாம்."

"மாத்திரலாம்னு சொன்னாப் போதாது. ஆசாரிகிட்ட சொல்லணும்."

அவர் தூண்டிலைக் கரையில் போட்டார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். இங்கே லைன் கிடைக்காது, திங்களோ செவ்வாயோ மேலே போய்ப் பேசலாம் என்று சொன்னேன். கேட்டால்தானே. பக்கத்திலிருந்த பாறையில் கை ஊன்றி ஏறினார். வழுக்கும், பாத்து என்று கத்தினேன். உச்சியில் நின்று கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஹலோ, ஆசாரியா? ஹலோ" என்று நீர்க்காகங்கள் எல்லாம் பறந்துபோகும்படி சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.